பூசலார் எடுத்த கோயில்: காண்பாரில்லாத் தொண்டின் பெருமை

திருவிழாக் காலம் வந்துவிட்டால் நம் திருக்கோயில்கள் புதுப்பொலிவு பெறுகின்றன. வாழையும் தோரணமும் வாயிலை அழகு செய்ய, நாயனமும் தவிலும் முழங்க, காவடிகள் ஆட, பால்குடங்கள் அசைந்து வர, இறைவன் தேரில் எழுந்தருளித் திருவீதியுலா வருகின்றான். பத்துமலையாயினும், பினாங்குத் தண்ணீர்மலையாயினும், ஈப்போ கல்லுமலையாயினும், சிங்கப்பூர்த் தெண்டாயுதபாணி திருக்கோயிலாயினும் தைப்பூச நன்னாளில் நாம் காண்பது கண்கொள்ளாக் காட்சி.

அக்காட்சிக்குப் பின்னால் நம் கண்ணிற்படாத காட்சியொன்றும் உண்டு. விடியுமுன்னே எழுந்து மடைப்பள்ளியில் அடுப்பு மூட்டுவோர் உளர். அன்னதானத்திற்காக மூட்டை மூட்டையாக வெங்காயம் உரித்துக் கண்ணீர் வடிப்போர் உளர். இரவெல்லாம் அமர்ந்து மாலை தொடுக்கும் தாய்மார்கள் உளர். கூட்டம் கலைந்து, விளக்குகள் அணைந்தபின், சிதறிக் கிடக்கும் இலைகளையும் குவளைகளையும் அள்ளிக் கூட்டித் துப்புரவு செய்வோர் உளர். இவர்தம் பெயர் அழைப்பிதழில் அச்சாவதில்லை, ஒலிபெருக்கியில் ஒலிப்பதில்லை, பொன்னாடை இவர் தோளை நாடுவதில்லை.

கோயிலுக்கு வெளியிலும் இத்தகையோர் பலர். மூன்றே மாணவர் வந்தாலும் ஞாயிறுதோறும் தேவார வகுப்பை விடாமல் நடத்தும் பெரியவர், தோட்டப்புறப் பள்ளியில் முப்பதாண்டு அரிச்சுவடி கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை, படுக்கையில் கிடக்கும் மாமியாரை ஆண்டுக்கணக்கில் பேணும் மருமகள் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். வாழ்வின் பிற்பகலில் இவர்தம் உள்ளத்தில் ஒரு வினா எழுதல் இயல்பு. “இத்தனை நாள் உழைத்தேனே, இதனால் என்ன விளைந்தது? நான் இல்லாதிருந்தால் எது குறைந்திருக்கும்?” என்பதே அவ்வினா.

இதனைப் புகழாசை என்று தள்ளிவிடுதல் முறையன்று. புகழை விரும்புவது வேறு. செய்த செயலுக்குப் பொருள் உண்டா என்று ஏங்குவது வேறு. புகழை நாடாத நல்லோரே இவ்வேக்கத்தால் மிகுதியும் வாடுகின்றனர். இதற்கு விடை தேடிப் பெரியபுராணத்தைப் புரட்டுவோமாயின், அங்கே நமக்காகவே காத்திருப்பவர்போல ஓர் அடியார் அமர்ந்திருக்கின்றார். அவர்தாம் பூசலார் நாயனார்.

பொருள் கிடைக்காத அடியார்

தொண்டை நாட்டிலே, இன்றைய சென்னைக்கு மேற்கே, திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது திருநின்றவூர். அவ்வூரிலே அந்தணர் குலத்தில் தோன்றியவர் பூசலார். சிவபெருமானுக்கு ஒரு கோயில் எடுக்கவேண்டும் என்பது அவருடைய வேட்கை. ஆனால் கையிலே பொருளில்லை. எங்கெங்கோ சென்று முயன்றார். யார் யாரையோ நாடினார். சிறிதளவு பொருளும் அவருக்குக் கிட்டவில்லை.

கோயில் திருப்பணிக்காக ரசீதுப் புத்தகத்தைக் கையிலேந்தி வீடு வீடாக ஏறி இறங்கிய அன்பர்களுக்கு அவர் நிலை நன்கு விளங்கும். வெறுங்கையோடு திரும்பிய நாளின் கனத்தை அவர்கள் அறிவார்கள். பூசலார் வருந்தினார் என்றுதான் சேக்கிழார் பெருமானும் கூறுகின்றார். வருத்தமே தோன்றாத அடியாராக அவரைக் காட்டவில்லை. வருந்தியவர் அடுத்து என்ன செய்தார் என்பதிலேதான் அவர் வரலாற்றின் சிறப்பு அமைந்துள்ளது.

புறத்தே கட்ட இயலாத கோயிலை அகத்தே கட்டத் துணிந்தார் பூசலார். மனத்தினாலேயே சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்தார். கல்லும் மரமும் தேடினார். பணிக்கு வேண்டிய தச்சரை மனத்தாலேயே அமர்த்தினார். ஆகமம் கூறும் நெறிப்படி நல்ல நாள் பார்த்து அடிநிலை இட்டார். இரவிலும் கண்துயிலாது பணியை நடத்தினார். அடித்தளம் முதலாக வரிசை வரிசையாக உயர்த்தி, உரிய அளவிலே சிகரம் அமைத்து, தூபி நட்டு, சுதை வேலை முடித்து, கிணறு தோண்டி, மதில் எழுப்பி, திருக்குளமும் அமைத்தார். எல்லாம் நிறைவுற்றபின் இறைவனை எழுந்தருளச் செய்வதற்கு ஒரு நாளும் குறித்தார்.

இங்கே சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். மனத்திலே கோயில் கட்ட எவ்வளவு காலம் வேண்டும்? கண்ணை மூடினால் ஒரு நொடியில் ஏழு நிலைக் கோபுரமும் எழுந்து நிற்குமே! கற்பனைக்குக் கூலியுண்டா, கல் சுமக்கும் பளுவுண்டா? ஆயினும் பூசலார் அந்தக் குறுக்கு வழியை நாடவில்லை. உண்மையான கோயிலுக்கு எத்தனை நாள் ஆகுமோ அத்தனை நாள் எடுத்துக்கொண்டார். அடிநிலை இடாமல் சுவர் எழுப்பவில்லை. சுவர் எழாமல் சிகரம் வைக்கவில்லை. யாரும் இறங்கி நீர் மொள்ளப்போவதில்லை என்று தெரிந்தும் கிணற்றை விட்டுவிடவில்லை. அளந்து பார்க்க ஒருவரும் இல்லாத இடத்திலே அளவு பிறழாமல் நடந்துகொண்டார். இதுவே அவருடைய தவம்.

அரசன் கண்ட கனவு

அதே காலத்தில் காஞ்சி மாநகரிலே காடவர் கோமானாகிய பல்லவ மன்னன் பெரும்பொருள் செலவிட்டுச் சிவபெருமானுக்குக் கற்கோயில் ஒன்று எடுத்து முடித்திருந்தான். அது காஞ்சிக் கயிலாசநாதர் திருக்கோயில் என்றும், அம்மன்னன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆட்சி புரிந்த இராசசிம்மன் என்றும் ஆய்வாளர் பலர் கருதுவர். மன்னன் தன் கோயிலுக்குக் குறித்த நாளும், பூசலார் தம் கோயிலுக்குக் குறித்த நாளும் ஒன்றாகவே அமைந்தன.

முதல் நாள் இரவு மன்னன் கனவிலே இறைவன் தோன்றினான். நின்றவூரிலே அன்பன் பூசலன் பன்னாள் நினைந்து எடுத்த ஆலயத்தில் நாளை நாம் புகவிருக்கின்றோம். உன் கோயில் விழாவை மற்றொரு நாளில் வைத்துக்கொள் என்று அருளி மறைந்தான். விழித்தெழுந்த மன்னன், இறைவனே விரும்பிய அப்பெருங்கோயிலைக் காணும் ஆவலோடு திருநின்றவூர் வந்து சேர்ந்தான். பூசல் எடுத்த கோயில் எங்கே என்று கேட்டான். அப்படியொரு கோயில் இவ்வூரில் இல்லையே என்றனர் ஊரார். அவர்கள் பொய் சொல்லவில்லை. அண்டை வீட்டில் இருந்தவர்க்கும் தெரியாமல் எழுந்த கோயில் அது.

மன்னன் பூசலார் இருக்கும் இடத்திற்குத் தானே சென்று வணங்கி, கனவிற் கண்டதைக் கூறினான். அடியார் திகைத்தார். ஒரு பொருளாக எண்ணத்தகாத என்னையும் இறைவன் பொருட்படுத்தினானோ என்று உருகினார். மனத்தினால் கோயில் எடுத்த வரலாற்றை அப்போதுதான் வாய்திறந்து உரைத்தார். மன்னன் நிலமுற வீழ்ந்து வணங்கித் தன் நகருக்குத் திரும்பினான்.

இதற்குப் பின் நிகழ்ந்ததே இவ்வரலாற்றில் நம் நெஞ்சைத் தொடவேண்டிய பகுதி. ஒருகாலத்தில் சிறு பொருளுக்காக எங்கெங்கோ அலைந்தவர் பூசலார். இப்போது நாட்டின் பெருஞ்செல்வமெல்லாம் உடைய வேந்தன் அவர் காலடியில் வணங்கி நிற்கின்றான். அரசே, எனக்கொரு கோயில் கட்டித்தருக என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவர் கேட்டதாகச் சேக்கிழார் பாடவில்லை. மன்னன் சென்றபின், குறித்த வேளை தவறாமல் தம் உள்ளக் கோயிலிலே இறைவனை எழுந்தருளச் செய்து, அதன் பின்னும் பன்னாள் முறைப்படி பூசைகள் செய்து, இறைவன் திருவடி அடைந்தார் என்றே வரலாறு முடிகின்றது.

அவர் கோயில் முன்னரே நிறைவு பெற்றுவிட்டது. மன்னன் வந்து கண்டதால் அதில் ஒரு கல்லும் கூடவில்லை. அவன் வாராதிருந்தால் ஒரு கல்லும் குறைந்திராது. கனவு மன்னனுக்காக வந்த கனவு. அவனும் அன்புடையவனே, அவன் கட்டிய கோயிலை இறைவன் மறுக்கவில்லை, நாளைத்தான் தள்ளிவைக்கச் சொன்னான். கல்லாலான கோயிலும் கருத்தாலான கோயிலும் ஒரே கண்ணால் காணப்படுகின்றன என்பதை அரசன் அறியவேண்டியிருந்தது. இன்று திருநின்றவூரிலே இருதயாலீசுவரர் என்னும் பெயரில் இறைவன் கோயில்கொண்டுள்ளான். கருவறையிலே பூசலார் திருவுருவமும் உள்ளது. இதயத்தையே ஆலயமாகக் கொண்டவன் என்று பொருள்படும் அப்பெயர், ஊரார் இல்லையென்று சொன்ன அக்கோயிலுக்கே சான்றாக நிற்கின்றது.

கயிறு பற்றி நடந்த தண்டியடிகள்

பூசலாரைப் போலவே நம் சிந்தனைக்குரியவர் திருவாரூர்த் தண்டியடிகள். பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். திருக்கோயிலின் மேற்கே இருந்த திருக்குளம் தூர்ந்து குறைந்து வருவதை அறிந்து, அதனைத் தோண்டிப் பெருக்க எண்ணினார். குளத்தின் உள்ளே ஒரு தறியும் கரையிலே ஒரு தறியும் நட்டு, இரண்டுக்கும் இடையே கயிறு கட்டினார். அக்கயிற்றைத் தடவிக்கொண்டே குழியில் இறங்கி மண்ணை வெட்டிக் கூடையிலே நிரப்பி, மீண்டும் கயிற்றைத் தடவிக்கொண்டே கரையேறிக் கொட்டினார்.

கண்ணுள்ளவன் குளம் தோண்டினால், நேற்றைக்கு இன்று ஆழம் கூடியிருப்பதைக் கண்டு ஊக்கம் பெறுவான். தண்டியடிகளுக்கு அந்த ஆறுதலும் இல்லை. தம் உழைப்பின் பயனைத் தாமே காண இயலாத நிலையில் அவர் கூடை கூடையாக மண் சுமந்தார். சூழ இருந்தோர் தடுத்தனர், எள்ளி நகைத்தனர். அவர் கயிற்றை விடவில்லை. பின்னர் இறையருளால் கண்ணொளி பெற்றார் என்று வரலாறு கூறும். ஆயினும் அவர் நாயனாராக உயர்ந்தது கண் பெற்ற நாளிலன்று. கயிற்றைத் தடவி முதற்கூடை மண்ணைச் சுமந்த நாளிலேயே என்று கொள்ளுதல் பொருந்தும்.

சோர்வு தோன்றும்போது நமக்கும் இத்தகைய கயிறொன்று வேண்டும். ஆண்டுக்கணக்கை எண்ணி மலைப்பதை விட்டு, இன்றைய கூடையை நிரப்பிக் கரைசேர்ப்பதற்கு வழிகாட்டும் ஒழுங்கே அக்கயிறு. நாள்தோறும் ஏற்றும் விளக்கு, வாரந்தோறும் தவறாத வகுப்பு, வேளைதோறும் ஊட்டும் ஒரு கவளம் சோறு ஆகியவை அத்தகையன. பயன் கண்ணுக்குப் புலப்படாத காலத்தில் ஒழுங்கே நமக்குக் கண்ணாகின்றது.

பெயர் சொல்லப்படாத கூட்டங்கள்

நாயன்மார் எத்தனை பேர் என்று கேட்டால் 63 பேர் என்று குழந்தையும் சொல்லும். ஆனால் சுந்தரமூர்த்தி நாயனார் அருளிய திருத்தொண்டத்தொகையில் தனியடியாரோடு தொகையடியார் என்னும் ஒன்பது கூட்டத்தாரும் வணங்கப்பெறுகின்றனர் என்பதைப் பலர் நினைப்பதில்லை. திருவாரூர்ப் பிறந்தார், முப்போதும் திருமேனி தீண்டுவார், பத்தராய்ப் பணிவார் என்று அக்கூட்டங்கள் அமைகின்றன. இவர்களுள் எவருக்கும் தனிப்பெயர் சொல்லப்படவில்லை, ஊர்க்கதை இல்லை, அற்புதமும் கூறப்படவில்லை. செய்த தொண்டே பெயராயிற்று.

அவற்றுள் ஒன்று, அப்பாலும் அடிச்சார்ந்தார் என்பது. தமிழ்நாட்டு எல்லைக்கு அப்பாலும், தொகை பாடப்பெற்ற காலத்திற்கு முன்னும் பின்னும் இறைவன் திருவடியைச் சார்ந்த அனைவரும் இதனுள் அடங்குவர் என்று உரைப்பர். சுந்தரர் தாம் கண்டறியாத அடியார்க்கும் வணக்கம் செலுத்தியிருக்கின்றார். கடல் கடந்து மலாயா வந்து, காட்டுக்கு நடுவே ஒரு கல்லை நட்டுக் கற்பூரம் காட்டிய நம் முன்னோரும் அவ்வணக்கத்துக்கு உரியவர் என்று எண்ணும்போது நெஞ்சம் நெகிழ்கின்றது.

இம்மண்ணின் பூசலார்கள்

சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள மாரியம்மன் கோயில் 1827இல் நிறுவப்பெற்றது. அதனைத் தோற்றுவித்த நாராயணப் பிள்ளையின் பெயரை வரலாறு போற்றுகின்றது. மரமும் அத்தாப்புக் கூரையுமாக இருந்த அக்கோயில் பின்னர்ச் செங்கற் கட்டடமாயிற்று. அந்தச் செங்கற்களை அடுக்கிய கொத்தர்களின் பெயர் யாருக்குத் தெரியும்? 1825 முதல் 1873 வரை இந்தியக் கைதிகள் சிங்கப்பூரிலே சாலை அமைத்தும் கட்டடம் எழுப்பியும் உழைத்தனர். கோயில் கட்டியவர்களுள்ளும் அவர்கள் இருந்தனர் என்று கருதுவர். விலங்கு பூண்ட கைகளும் அம்மனுக்கு வீடு கட்டியிருக்கலாம் என்பது எத்துணை உருக்கமான செய்தி!

பத்துமலையிலே 1891இல் முருகன் திருவுருவை நிறுவிய தம்புசாமிப் பிள்ளை அவர்களை நாம் நன்றியோடு நினைக்கின்றோம். 1892 முதல் அங்கே தைப்பூசம் கொண்டாடப்பெற்று வருகின்றது. தொடக்கத்தில் படிகள் இல்லை. 1920இல் மரப்படிகள் அமைந்தன. பின்னர் சிமெண்டுப் படிகள் எழுந்தன. 272 படிகளை எண்ணி எண்ணி ஏறுகின்றோம். 2018இல் அவற்றுக்குப் பல வண்ணம் தீட்டியதையும் கண்டு வியந்தோம். அச்செங்குத்தான சரிவிலே மணலும் கல்லும் சிமெண்டும் தோளிற் சுமந்து ஏறியவர் எத்தனை பேர்! அவர்கள் ஒவ்வொருவரும் நேர்த்திக்கடன் இன்றியே காவடி எடுத்தவர் எனலாம்.

தோட்டங்களின் கதையும் இதுவே. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, பால்மரம் சீவி, வாளி சுமந்து, மாலையில் லயத்துக்குத் திரும்பிய தொழிலாளர், சொற்பக் கூலியிலிருந்து காசு சேர்த்து மாரியம்மனுக்கும் முனீசுவரருக்கும் கோயில் எழுப்பினர். பிற்காலத்தில் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரம் இருந்த இடத்தில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். சில கோயில்கள் இடம் மாறின. சில இருந்த இடமும் தெரியாமற் போயின. அப்படியானால் அவற்றைக் கட்டியவரின் உழைப்பு வீணாயிற்றா? இல்லை. அந்தச் சிறு கோயில்களின் முன்னே திருநீறு பூசக் கற்ற பிள்ளைகளின் பிள்ளைகள்தாம் இன்று நகரத்துக் கோயில்களை நிறைக்கின்றனர். கட்டடம் மறைந்தும், கோயில் மனத்தில் நின்றுவிட்டது. இதுவும் பூசலார் கோயில்தான்.

திருவுருவின் கீழே

திருக்குடமுழுக்கு நாளிலே எல்லாருடைய கண்களும் விமானத்துக் கலசத்தையே நோக்குகின்றன. கருவறையிலே திருவுருவை அசையாது பிணைத்து நிற்பது எது? அட்டபந்தனம் என்னும் மருந்து. கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான்கல், காவிக்கல், செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டுப் பொருளையும் சேர்த்து, பதம் வரும்வரை இடைவிடாது இடித்து இடித்து அதனை ஆக்குகின்றனர். பின்னர் அது திருவுருவுக்கும் பீடத்துக்கும் இடையே சாத்தப்பெற்று அலங்காரத்திற்குள் மறைந்துவிடுகின்றது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனைப் புதுப்பிப்பது மரபு. தரிசனத்திற்கு வந்து அட்டபந்தனத்தைக் கண்டு வணங்கியவர் யாருமிலர். அதுவின்றித் திருவுரு நிலைத்து நிற்பதுமில்லை.

குடும்பத்திலும் சமூகத்திலும் அட்டபந்தனமாக அமைந்தவர் பலர். அவர்கள் இருக்கும்வரை எதுவும் அசைவதில்லை. ஆகவே அவர்கள் செய்வது கண்ணுக்குத் தெரிவதுமில்லை.

நமக்குரிய கடமை

இறுதியாக ஒன்று சொல்லவேண்டும். இறைவன் காண்கின்றான் என்பது தொண்டு செய்வோர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளவேண்டிய ஆறுதல். தொண்டினைப் பெறுவோர் அதையே சாக்காகக் கொண்டு கண்ணை மூடிக்கொள்ளுதல் தகாது. கனவிலே உண்மை அறிந்த பல்லவ மன்னன், இறைவன்தான் கண்டுகொண்டானே என்று அரண்மனையில் வாளாவிருக்கவில்லை. ஊர் தேடிச் சென்றான். இல்லையென்று சொன்ன பிறகும் விசாரித்தான். அடியார் இருந்த இடத்துக்கே சென்று வணங்கினான். பொருள் கொடுத்தோர் பெயரைச் சலவைக்கல்லில் பொறிக்கும் நாம், உடலுழைப்பைக் கொடுத்தோர் பெயரையும் ஒரேட்டில் எழுதிவைத்தல் ஆகாதா? விழா முடிந்த மறுநாள் மடைப்பள்ளிக்குச் சென்று, சாப்பிட்டீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டல் ஆகாதா? தேவார வகுப்பு நடத்தும் பெரியவரிடம் நம் பிள்ளையை அழைத்துச்சென்று நான்காம் மாணவனாக அமர்த்துதல் ஆகாதா? பொன்னாடையைவிட அவர் மகிழ்வது அதற்கே.

தொண்டு செய்து தளர்ந்திருக்கும் மெய்யன்பர்களே! நீங்கள் எடுத்த கோயில் ஊராரால் இல்லையென்று சொல்லப்படலாம். உங்கள் காலத்தில் எந்த மன்னனும் கனவு காணாமலும் போகலாம். ஆயினும் அடிநிலை இட்ட நீங்கள் மதிலையும் கிணற்றையும் விட்டுவிடாதீர்கள். அளப்பார் இல்லாவிடினும் அளவு தப்பாமல் கட்டுங்கள். குறித்த நாளில் அங்கே எழுந்தருள வேண்டியவன் தவறாமல் எழுந்தருள்வான்.

இத்திருவிழா நாளிலே, பெயர் தெரிந்த தொண்டர்க்கும் பெயர் தெரியாத தொண்டர்க்கும் எல்லாம் வல்ல இறைவன் திருவருள் பெருகுக!